டீசல்தான் நல்லது என்று எனக்குத் தெரியும்

பாரம் இழுக்கிற வண்டி என்றால் டீசல்தான். இதில் வாதாட ஒன்றுமில்லை. பெற்றோல் என்ஜின் ஓடுகிற குதிரை, டீசல் இழுக்கிற மாடு. பின்னால் ஒன்றரைத் தொன் றெயிலர், அதுதான் இழுவைப் பெட்டி, அதைக் கொழுவி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். டீசல் முனகிக்கொண்டு கிளம்பும். பெற்றோல் கத்தும், குடிக்கும், பிறகுதான் அசையும். தூரம் போகப் போக அதன் குடி கூடும்.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் என் மருமகனுக்குப் பெற்றோல் வண்டி வாங்கு என்று சொன்னேன்.

தம்பி லெட்சுமணன், நீங்கள் மலேசியாத் தமிழர் என்று சொன்னீர்கள். என்னுடைய தமிழ் உங்களுக்கு முழுக்க விளங்குமோ தெரியாது. அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம். பொலிசுக்காரருக்கு இங்கிலிஷில் சொல்லும்போது எனக்காக இரங்கி ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். மொழிபெயர்க்கிறவர்களை நான் நம்புவதில்லை. அகதி வழக்கில் ஒருவர் எனக்குச் செய்த வேலை அப்படி. கோபிக்க வேண்டாம்.

என் பெயர் பஸ்தியாம்பிள்ளை. வயது எழுபத்திரண்டு. யாழ்ப்பாணம் குருநகர். அங்கே மீன் லொறியும் பிறகு ஆள் ஏற்றுகிற வானும் ஓடினேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் என்பது மருந்துக்கும் இல்லாமல் போனபோது, வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் விடுவது. யாழ்ப்பாணமே இருமி இருமி ஓடிய காலம். எந்த என்ஜின் எதைக் குடித்தால் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதை அப்போதுதான் படித்தேன். அதற்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

லண்டனுக்கு வந்த பிறகும் என்ஜின் தெரிந்தவன் என்ற பெயர் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்தால் கோவில் வளவில் எனக்கு ஒரு வேலை இருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுச் சொல்வேன். கணக்காளர், டொக்டர் எல்லாரும் பக்கத்தில் கைகட்டி நிற்பார்கள். பஸ்தி அண்ணை சரி என்றால் சரி. அதுவரை ஒரு பிழையும் சொன்னதில்லை.

என் மனைவி இம்மாகுலேற் 2001இல் போய்விட்டாள். பிள்ளை ஒன்றுதான், றூபினி. அவளும் மருமகன் றொனால்டும் ஸ்ட்ரெதமில் எனக்கு அரசாங்கம் தந்த கவுன்சில் வீட்டில் என்னோடு இருந்தார்கள். அவர்கள் வீட்டில் நான் இருக்கவில்லை. இதைக் கவனித்து எழுதுங்கள்.

றொனால்டில் ஒரு குறையும் இல்லை. குடி இல்லை. கை நீட்டுவதில்லை. எனக்குக் குனிய ஏலாது என்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை என் கால் நகத்தை வெட்டி விடுவான். வெந்நீரில் காலை ஊற வைத்து, துவாயை மடியில் போட்டுக்கொண்டு வெட்டுவான். மகன் இருந்திருந்தாலும் செய்திருப்பானோ தெரியாது.

அவன் ஒரு சாப்பாட்டு றெயிலர் வாங்கினான். உள்ளே அடுப்பு, கொத்துரொட்டித் தட்டு, காஸ் சிலிண்டர், எல்லாம் பொருத்திப் பூட்டினது. முதலில் கோவில் திருவிழாக்களிலும் ஈஸ்ற் ஹாமிலும் விற்றார்கள். நல்ல வியாபாரம். அப்போது ஒருநாள் றூபினி சொன்னாள், யோர்க்ஷயர் கடற்கரையில் பிறிட்லிங்ரன் என்ற ஊரில் விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிற கரவன் பார்க் ஒன்றில் நிரந்தர இடம் கிடைத்திருக்கிறது, கோடைகாலம் முழுக்க அங்கே, சரிவந்தால் வீடெடுத்து அங்கேயே தங்கிவிடலாம் என்று. இருநூறு மைலுக்கு மேலே.

"மாமா, நீங்களும் வாங்கோ. உங்களுக்கெண்டு ஒரு அறை. கடல் பாத்துக்கொண்டு இருக்கலாம்" என்றான் றொனால்ட்.

"மருமோன்ரை வீட்டிலை போய்க் கடல் பாக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கேடு வரேல்லை" என்றேன்.

சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை.

றெயிலரை அவ்வளவு தூரம் இழுக்க ஒரு பிக்கப் வேண்டும். அதுவரை வாடகை வான்தான். மூன்று சனிக்கிழமைகள் குறோய்டன் பக்கம் வண்டி பார்க்கப் போனோம். றொனால்டின் சிநேகிதன் குகதாசனும் வந்தான். அவன் தபால் கந்தோரில் வேலை, றெயிலருக்கு ஓய்வு நாளில் கைகொடுப்பான். ஒரு கட்டுக் கடதாசி பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

பார்த்ததில் இரண்டு வண்டி மிஞ்சியது. ஒன்று ஜப்பானில் இருந்து இறக்கிய மூன்று லீற்றர் பெற்றோல். மற்றது இரண்டரை லீற்றர் டீசல், புது மாதிரி. நான் ஸ்க்ரூ ட்ரைவரை வைத்து இரண்டையும் கேட்டேன். டீசல் என்ஜின் மணி போல இருந்தது. பெற்றோல் வண்டியும் பிழையில்லை.

"பெற்றோலை எடு" என்றேன்.

"அங்கிள், இழுவைக்கு டீசல்தானே? இன்டர்நெற்றிலை எல்லாம் போட்டிருக்கு" என்றான் குகதாசன்.

"இன்டர்நெற் வந்து றெயிலர் இழுக்குமோடா?"

"இல்லை அங்கிள், அடி இழுவை எண்டு ஒண்டு..."

"தடைக்காலத்திலை நீ எங்கை இருந்தனி?"

"நான் அப்ப சின்னப்பெடியன், கொழும்பிலை."

"அப்ப கொழும்பைப் பற்றிக் கதை."

றொனால்ட் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். நான் காரணங்கள் சொன்னேன். டீசல் புகை சாப்பாட்டில் மணக்கும், மணக்கிற கடையில் வெள்ளைக்காரன் வாங்க மாட்டான். குளிரில் கிளம்பாது. புது மாதிரி டீசலின் பம்ப் ஊசி மாதிரி நுணுக்கம், ஒரு துளி பிழையான எண்ணெய் போனாலும் தன்னைத் தானே அரைத்துக்கொண்டு செத்துப்போகும். இந்தக் கடைசிக் காரணம் ஒன்றுதான் உண்மை. அதை நானே என் வாயால் அவர்களுக்குச் சொன்னேன் என்பதைப் பிறகு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

உண்மையான காரணம் வேறு. பெற்றோல் வண்டி றெயிலரோடு பிறிட்லிங்ரனுக்கு இரண்டு தரம் போய்வந்தால் எண்ணெய்க் காசு தாங்காது, குடிக்கிற குடியில் மூன்றாம் தரம் போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டிப்போட்ட மாடு கயிறு நீளத்துக்குத்தான் மேயும். ஈஸ்ற் ஹாம், ஃபாரஸ்ட் கேட், லூயிஷாம், அவ்வளவுதான். பின்னேரம் வீட்டுக்கு வருவார்கள்.

றொனால்ட் நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டான். பிறகு டீசலை எடுத்தான். பத்து வருஷத்தில் என் சொல்லுக்கு மாறி ஒருவர் வண்டி வாங்கியது அதுதான் முதல் தடவை. அதற்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு சின்ன மனிதன் இல்லை நான்.

2006ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை புறப்படுவது என்று முடிவு. பாதர் வந்து வண்டிக்கும் றெயிலருக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். நானும் சிலுவை போட்டேன்.

வெள்ளி பின்னேரம் குகதாசன்தான் பிக்கப்பைக் கொண்டுபோய் டீசல் அடித்தான். றெயிலரில் இருக்கிற ஜெனரேற்றர் பெற்றோலில் ஓடுவது, அதற்கு ஒரு பிளாஸ்டிக் கானில் பத்து லீற்றர் பெற்றோலும் வாங்கி வந்தான். அவன் போகும்போது நான் வாசலில் நின்று, "அரைத் தாங்கி அடி காணும். நிரப்பினால் பாரம்" என்றேன். அப்படியே செய்தான். தாங்கியில் இடம் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று இப்போது விளங்கியிருக்கும். கானை றெயிலர் வாசலடியில் நிறையாக வைத்துவிட்டுப் போனான்.

விடிய எழும்பிச் செபமாலை சொல்வது என் வழக்கம். அன்றும் ஐந்து மணிக்கு எழும்பினேன். சொல்லி முடித்தேன். வண்டித் திறப்பு கதவருகில் ஆணியில் கொழுவியிருந்தது. அதை எடுத்துத் தாங்கி மூடியைத் திறந்து, கானில் இருந்த பெற்றோல் முழுவதையும் டீசலுக்குள் விட்டேன். சிந்தவில்லை. வெறும் கானைப் பின்வளவுக் கொட்டிலில் வைத்தேன். கை கழுவினேன். பிளேன் ரீ போட்டுக் குடித்தேன்.

நான் கொல்ல நினைத்தது என்ஜினை. வேறு ஒன்றையும் இல்லை. ஐம்பது, நூறு மைல் ஓடும், பிறகு இழுவை குறையும், இருமும், பம்ப் அரைபட்டு நிற்கும். அந்த மாதிரி என்ஜின் செத்தால் செத்ததுதான், திருத்துகிற காசுக்கு வேறு வண்டி வாங்கலாம். அவர்களிடம் அந்தக் காசு இல்லை. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் ஒன்றும் சொல்லிக் காட்ட மாட்டேன் என்றுகூட நினைத்திருந்தேன்.

ஆறு மணிக்கு எனக்கு நெஞ்சு நோகிறது என்று சொன்னேன்.

நேற்று என்னை விசாரித்த பெண் அதிகாரி இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாள். நெஞ்சு நோ உண்மையா என்று. உண்மை இல்லை. நடுவழியில் வண்டி நின்றால் பெண்பிள்ளை றோட்டில் நிற்கக் கூடாது, அதனால் சொன்னேன். அப்படியென்றால் ஆபத்து என்று தெரிந்திருக்கிறதே என்றாள். இங்கிலிஷ்காரருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அப்படியென்றால் வேண்டும். தகப்பன் தன் பிள்ளையைப் பார்ப்பான். றொனால்டின் தகப்பன் அவனைப் பார்த்திருக்க வேண்டும்.

றூபினி என்னோடு நின்றுவிட்டாள். நாளை ரெயினில் வருகிறேன் என்று புருஷனை அனுப்பினாள். அவன் ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டாயிற்று என்று நினைத்தான்போல, கானைத் தேடவில்லை. என் கட்டில் பக்கத்தில் வந்து, "மாமா, நோ கூடினால் உடனை அம்புலன்சுக்குப் போன் அடியுங்கோ, வீம்பு பிடியாதேங்கோ" என்றான். தலையாட்டினேன்.

ஒன்பதரைக்கு றூபினியின் மொபைல் அடித்தது. பேசிவிட்டு என்னிடம் தந்தாள். "அப்பா, வண்டி ஏதோ செய்யுதாம். உங்களைக் கேக்கட்டாம்."

முதலில் அவன் கேட்டது, "மாமா, நெஞ்சு எப்பிடி?"

"பரவாயில்லை. என்ன?"

"இழுக்குதில்லை மாமா. விட்டு விட்டு இருமுது. மஞ்சள் லைற் ஒண்டு எரியுது. ஓரத்திலை ஒதுக்கிடத்துக்குள்ளை விட்டிட்டு நிக்கிறன். கிறான்தம் கிட்ட. ரிக்கவறிக்குப் போன் அடிக்கட்டோ?"

இங்கே கொஞ்சம் மெதுவாக மொழிபெயருங்கள் தம்பி. அவன் றோட்டை விட்டு ஒதுங்கி நின்றான். ஒரு ஆபத்தும் இல்லாத இடம். என்ஜின் இன்னும் சாகவில்லை. றோட்டில் நின்ற வண்டிகளைப் பார்க்க வருகிற ரிக்கவறிக்காரன் வந்து தாங்கி மூடியைத் திறந்தால் மணத்திலேயே கண்டுபிடிப்பான். எண்ணெயை இறக்கிக் கழுவி, புது டீசல் விட்டு, பின்னேரமே வண்டி ஓடும். பெற்றோல் எப்படி வந்தது என்ற கேள்வியும் வரும். இவ்வளவையும் அவன் பேசி முடிக்க முதல் நான் யோசித்துவிட்டேன். என்ஜின் விஷயத்தில் என் மூளை எப்போதும் கெதியாக ஓடும்.

"அடிக்காதை" என்றேன். "அவங்கள் வந்தா நாள் முழுக்க நிப்பாய். டீசலுக்கை தண்ணி போயிருக்கு. மிதிச்சு ஓடு, இருமித் துப்பிப்போடும். நான் மண்ணெண்ணெயிலை யாழ்ப்பாணம் முழுக்க ஓடினனான்."

"முன்னாலை ஏத்தம் ஒண்டு கிடக்கு மாமா. லொறியள் பறக்குது."

"ஏத்தத்திலைதான் துப்பும். நிப்பாட்டாதை."

வண்டிகள் போகிற இரைச்சல் கேட்டது. "வண்டி வாங்கேக்கை உங்கடை சொல்லைக் கேக்கேல்லை. இப்பவாவது கேப்பம்" என்று சொல்லிச் சிரித்தான். வைத்துவிட்டான்.

இந்த ஊரில் வேறு எந்த நாட்டு ஆட்களாக இருந்தாலும் ரிக்கவறிக்குத்தான் அடித்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் தடைக்காலத்து ட்ரைவரைக் கேட்பார்கள்.

ஏற்றத்தில் பாதி வழியில் என்ஜின் நின்றிருக்கிறது. ஓரம் இல்லாத இடம். ஒரு நிமிஷத்துக்குள் பின்னால் வந்த லொறி றெயிலரில் ஏறியது. காஸ் சிலிண்டர்கள் வெடித்தன. சவப்பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். றூபினி கேட்டும் திறக்கவில்லை.

லொறிக்காரனில் பிழையில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். தாங்கியில் மிஞ்சியதைச் சோதித்துப் பெற்றோல் கலந்திருக்கிறது என்றார்கள். கொட்டிலில் வெறும் கான் இருந்தது. குகதாசன் நிறையாக வைத்துவிட்டுப் போனேன் என்றான். யார் நம்புவார்கள்? ஒரே ஆள், ஒரே கடையில், இரண்டு எண்ணெயும் வாங்கியிருக்கிறான். வேலையால் களைத்து வந்தவன், கானை மாறி ஊற்றிவிட்டான் என்று முடிந்தது. தவறுதல் என்று எழுதினார்கள்.

கோவிலில் அவன் இருக்கிற மரவாங்கில் பிறகு ஒருவரும் பக்கத்தில் உட்காரவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான். வாசலிலேயே முழங்காலில் நின்று என் காலைப் பிடித்தான்.

"அங்கிள், நான் ஊத்தினது ஞாபகம் இல்லை. ஆனா நான்தான் ஊத்தியிருக்க வேணும். வேறை ஆர் ஊத்தினது? என்னை மன்னியுங்கோ."

"சரி, எழும்பு. மன்னிச்சிட்டன்" என்றேன். றூபினியையும் கூப்பிட்டு மன்னிக்கச் சொன்னேன். அவள் கொஞ்சம் கஷ்டப்பட்டாள். மன்னித்தாள். அவனுக்கு ரீ போட்டுக் கொடுத்தாள். இப்போது அவனுக்குத் தான் ஊற்றியது கண்ணுக்குள் தெரிகிறதாம், எந்தக் கையால் மூடியைத் திறந்தேன் என்றுகூடச் சொல்கிறான். தபால் கந்தோர் வேலையும் போய்விட்டது. கேட்கப் பாவமாக இருக்கிறது.

இந்த மூன்று வருஷமும் றூபினி என்னோடுதான். அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் வேலை செய்கிறாள். மூன்றரைக்கு வந்துவிடுவாள். மீன் வாங்கினால் தலை எனக்கு. நகம் இப்போது அவள்தான் வெட்டுகிறாள், கொஞ்சம் ஆழமாக வெட்டுவாள், ஆனால் பழகிவிட்டது. வீட்டில் சத்தம் இல்லை. நான் குறை சொல்ல ஒன்றுமில்லாத மூன்று வருஷம்.

இந்த வருஷம் ஈஸ்ரருக்குப் பிறகு றொனால்டின் தமக்கை கத்தரின் கனடாவில் ரொறன்ரோவில் இருந்து போன் எடுக்கத் தொடங்கினாள். தம்பி பெண்சாதி தனியாக இருக்கக் கூடாதாம். அங்கே ஒரு ஆள், மனைவி இறந்தவர், நல்ல மனிதர், றூபினியோடு பேசிப் பிடித்துவிட்டதாம். செப்ரெம்பர் ஆறாம் தேதிக்கு விமான ரிக்கெற் போட்டாயிற்று. எனக்கு அவள் சொன்னது போன கிழமை. "அப்பா, உங்களுக்குக் கவுன்சிலாலை ஆள் வந்து பாப்பினம். நான் எல்லாம் கதைச்சிட்டன்" என்றாள். அழவில்லை. முடிவெடுத்த முகம்.

அதற்கு அடுத்த நாள்தான் நான் உங்கள் ஸ்ரேசனுக்கு வந்தேன். ஏன் மூன்று வருஷம் கழித்து என்று அதிகாரி கேட்கிறாள். மனச்சாட்சிதான். குகதாசனை நினைத்தால் நித்திரை வருவதில்லை. ஒரு அப்பாவி பழி சுமக்கக் கூடாது. ஆகவே சொல்கிறேன்: பெற்றோலை ஊற்றியது நான். ரிக்கவறிக்கு அடிக்க வேண்டாம் என்றது நான். ஏற்றத்துக்கு அனுப்பியது நான். றொனால்டைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன்.

உங்கள் சட்டம் எனக்கு முழுக்கத் தெரியாது. விசாரித்துப் பார்த்தேன், கொலை வழக்கு முடிய ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் செல்லும் என்றார்கள். அந்தப் போன் கோலைப் பக்கத்தில் நின்று கேட்டது றூபினி ஒருத்திதான். முதல் சாட்சி அவள். வழக்கு முடியும்வரை அவள் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அதிகாரி சொல்லி வைத்தால் நல்லது. ரிக்கெற் தேதியை மேலே தெளிவாக எழுதியிருக்கிறேன்.

அவளுக்குக் கோபம் வரும். கொஞ்ச நாள் வராமல் இருப்பாள். பிறகு வருவாள், தகப்பன் அல்லவா.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. பிரிக்ஸ்டனில் ஒரு மறியல், அதுதான் சிறை, இருக்கிறது. என்னை அங்கே போட முடியுமா? எங்கள் வீட்டடியில் இருந்து ஒரே பஸ். தூரத்து மறியல் என்றால் பிள்ளைக்குக் கஷ்டம், அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.